உரிக்காத வாழைப்பழம்

ஆவணி 18, திங்கள்

விடாத மழை. கறுப்புக் கோட் இன்னும் காயவில்லை. நாடுகாணி போய் வந்ததில் அட்டைக்கடி. ஒன்று கணுக்காலில், மற்றது சொல்ல முடியாத இடத்தில். புகையிலைத் தண்ணீர் போட்டு எடுத்தேன்.

போனது ஓட்டுக் கேட்க. ஜில்லா போர்டுக்குக் கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரே மெம்பர். நிற்பது நானும் அரிசி மண்டி சின்னச்சாமியும். (இனி சி.சா. இந்த ஆளுக்காக மை செலவழிப்பானேன்.) எஸ்டேட்டுகளுக்கெல்லாம் அரிசி போடுகிறவன். ஆகவே துரைமார் அவன் பக்கம். என் பக்கம் யார் என்றுதான் தெரியவில்லை.

நாடுகாணியில் நுழைந்த முதல் கடையிலேயே:

"நேத்துத்தானுங்க மண்டிக்காரரு வந்துட்டுப் போனாரு."

அடுத்த கடையிலும் அதே. ஓவேலியிலும் இப்படித்தான் நடந்தது. அதற்கு முன் தேவர்சோலையிலும். நான் போகும் ஊருக்கெல்லாம் எனக்கு முந்தின நாள் அவன். தற்செயல் என்று எதிர்க்கட்சி வக்கீல் வாதாடலாம். நான் ஏற்கமாட்டேன். என் வீட்டிலிருந்து எவனோ சொல்கிறான்.

இன்னொன்று. போன வீட்டிலெல்லாம் எனக்கு உரிக்காத வாழைப்பழம் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும். பேசி வைத்த மாதிரி. கொடுக்கும்போது ஒரு சிரிப்பு வேறு. குதிரையின் இரு பக்கப் பையும் பழம். இதிலும் ஏதோ இருக்கிறது.

யார் யார்:

தபால்காரர். என் வீட்டுப் பக்கம் மட்டும் நிதானமாக நடக்கிறார்.

நாவிதர். கத்தி தொண்டையில் இருக்கும்போது கேள்வி கேட்கிறார். பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

குதிரைக்காரன். குடித்தால் உளறுவான். குடிக்காத நாள் கிடையாது.

சமையல் மணியன். இல்லை. அவிநாசியிலிருந்து என்னோடு மலையேறியவன். எங்கள் ஊர்க்காரன்.

காதர். இல்லை. இந்தப் பெயரை எழுதியிருக்கவே கூடாது.

ஆவணி 20, புதன்

மழை கொஞ்சம் விட்டு விட்டு. கோர்ட்டில் ஜென்ம நில வழக்கு (பரம்பரை நிலத்துக்கு இங்கே அந்தப் பெயர்). யானை பிடுங்கிப் போட்ட எல்லைக்கல்லை யார் திரும்ப நட்டது என்பது பிரச்சினை. சாட்சி ஒருவன் மலையாளத்தில் ஆரம்பித்து, படக மொழியில் சத்தியம் செய்து, தமிழில் பொய் சொன்னான். மாஜிஸ்திரேட் தூங்கிவிட்டார். வாய்தா.

நான் வந்தபோது கூடலூரில் வக்கீலே கிடையாது. சாராயக் கடை இருந்தது. வழக்குகள் அங்கேயே தீர்ந்தன. முதல் மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தேன். ஊர் திரும்பிவிட இருந்தவனிடம் வந்து "ஐயா, நாலு பிராது எழுதித் தாங்க, குளிர் தானே விட்டுரும்" என்றவர் காதர். அன்றிலிருந்து என் குமாஸ்தா. பஜார்ப் பள்ளிவாசல் சந்தில் வீடு. எனக்குத் தெரியாத மலையாளம் அவருக்குத் தெரியும், கன்னடம் தெரியும், யாருக்கு யார் பகை என்பது தெரியும்.

இன்று மண்டிப் பக்கம் போனேன். காதர் உள்ளே நின்று சி.சா.விடம் பேசிக்கொண்டிருந்தார். என் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்:

"பழகிப் பார்த்தாத்தானுங்க தெரியும், அவரப் பத்தி."

அவர் என்றால் எவர்? என்னைத் தவிர எவர்? பழகிப் பார்த்து என்ன தெரிந்துவிட்டதாம்?

சாயங்காலம் ஆபீஸ் அறையில் அவரே வாயைத் திறந்தார். மண்டிக்குப் போனதைப் பற்றி அல்ல.

"ஏனுங்க ஐயா, அடுத்த வாட்டி சாமான் வண்டி முன்னாடி போக வேண்டாமுங்களே."

"ஏன்?"

"சும்மா சொன்னனுங்க. போற இடத்துலயே ஏதாச்சும் உண்டுக்கலாமுங்க."

போன மாதமும் இதையே சொன்னார். என் சாப்பாட்டின் மேல் இவருக்கு என்ன அக்கறை? மலையேறும்போது அம்மா கையில் அடித்து வாங்கிய சத்தியம், அன்னியர் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று. மணியன் முதல் நாளே பாத்திரம், அரிசி, குடிக்கத் தண்ணீர் எல்லாம் வண்டியில் கொண்டுபோய் அடுப்பு மூட்டி வைப்பான். மறுநாள் நான் போவேன். எப்போதும் அப்படித்தான். இது காதருக்குத் தெரியாததா? போற இடத்தில் உண்ணச் சொல்வது எதற்கு? எலெக்‌ஷன் நேரம். சோற்றில் எதையும் கலக்கலாம்.

"நான் எங்கே சாப்பிடுவது என்பது உங்களுக்கு எதற்கு?" என்றேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சி.சா.வின் மண்டிக் கணக்குப்பிள்ளை காதரின் மச்சான். இது இன்றைக்குத்தான் உறைத்தது. பஜாரில் பாதிப்பேர் அவருக்கு உறவு.

ஆவணி 22, வெள்ளி

மூடுபனி. எதிர் வீடு தெரியவில்லை.

காதர் தொழுகைக்குப் போய்த் திரும்ப நேரமானது. எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார். குறுக்கு விசாரணையில் முதல் பாடம்.

பொறி வைத்துவிட்டேன். காதரிடம் மட்டும் தனியாக: "ஞாயிற்றுக்கிழமை ஓவேலிக்கு இன்னொரு தடவை போகிறேன்." உண்மையில் போகப் போவது பந்தலூர். அதைச் சொன்னது மணியனிடம் மட்டும். சமையல்காரனுக்குச் சொல்லாமல் முடியாது.

சி.சா. ஓவேலிக்குப் போனால் காதர் கள்ளன். எளிய கணக்கு.

தெய்வானை காப்பி கொண்டுவந்தாள். இந்த நோட்டை மேஜைக்குள் தள்ளினேன்.

"என்ர கிட்டக்கூட மறைக்கறீங்களா?"

"கேஸ் விஷயம்."

"கேஸுன்னா காதர் அண்ணன்தானுங்களே எழுதுவாரு. நீங்க எப்ப எழுதினீங்க?"

என் மனைவியும் குறுக்கு விசாரணை படித்திருக்கிறாள்.

ஆவணி 24, ஞாயிறு. பந்தலூர்.

வந்து சேர்ந்தேன். மழை இங்கே பக்கவாட்டில் அடிக்கிறது. குடை உடைந்தது.

சி.சா. நேற்றே பந்தலூர் வந்து போயிருக்கிறான்!

ஓவேலிக்கு அல்ல. இங்கே. கடைத்தெரு முழுக்கச் சாப்பிட்டிருக்கிறான். ஒரு வீட்டில் அரிசி ரொட்டி, பத்திரி என்பார்களே, அது, ஒரு வீட்டில் களி, எஸ்டேட் ரைட்டர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. "மூணாவது வாட்டி கேட்டு வாங்கி உண்டாருங்க" என்று ரைட்டர் பெருமையாகச் சொன்னார். வயிறா, நெற்குதிரா?

எனக்கு வாழைப்பழம். ரைட்டர் வீட்டில் அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று யாரிடமோ சொன்னது கேட்டது: "தோல் உரிக்காமக் குடுங்க, தோல் உரிக்காம."

நான் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினேன். போன மழைக்காலம் இங்கிருந்து என் கட்சிக்காரன் ஒருவனைக் காய்ச்சலோடு கம்பளித் தூளியில் கட்டிக் கூடலூருக்குத் தூக்கி வந்தார்கள். நாடுகாணி வளைவிலேயே உயிர் போய்விட்டது. அவன் வழக்கு ஜெயித்தது. தீர்ப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பந்தலூரில் ஓர் ஆஸ்பத்திரி வர வேண்டும், போர்டில் உட்கார்ந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன் என்றேன். இதில் பொய் இல்லை. நான் வாதாடியவற்றிலேயே பொய் இல்லாத வழக்கு இதுதான்.

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். தலையாட்டினார்கள். யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அப்புறம் மணியன் போட்ட பலகையில் தனியாக உட்கார்ந்து, மணியன் சமைத்த சோற்றைத் தின்றேன். ஜன்னல் வழியாக நாலு பேர் பார்த்தார்கள்.

இனி பொறி விஷயம். ஓவேலி என்றுதான் காதருக்குச் சொன்னேன். சி.சா. வந்தது பந்தலூருக்கு. அப்படியானால் காதர் நிரபராதி என்று ஒரு மாஜிஸ்திரேட் சொல்லலாம். தூங்குகிற மாஜிஸ்திரேட். நான் பொய் சொல்கிறேன் என்பதை என் முகத்திலேயே காதர் படித்திருப்பார். இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்றவருக்கு அது தெரியாதா? பொறியில் விழாத எலிதான் வீட்டுக்குப் பழகின எலி.

ஆவணி 25, திங்கள்

செய்துவிட்டேன்.

காலையில் வழக்கம்போல் வந்தார். ஈரக் குடையை வெளியே வைத்துவிட்டு, என் மேஜைமேல் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் வீட்டு மரத்துப் பழம். வருஷக் கணக்காகக் கொண்டுவருகிறார். இன்று பார்த்ததும் எனக்கு உடம்பு பற்றியது. எல்லோர் கையிலும் பழம், இவர் கையிலும் பழம்!

"மண்டியில் சின்னச்சாமியிடம் என்ன பேசினீர்கள்?"

முகம் மாறியது. அதைக் குறித்துக்கொண்டேன்.

"அது... உடுங்க ஐயா. உங்க காதுக்கு வேண்டாமுங்க."

"நான் போகிற ஊரையெல்லாம் அவனுக்குச் சொல்வது நீதானே?"

நீ. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வாயிலிருந்து விழுந்ததும் இரண்டு பேருக்குமே கேட்டது.

காதர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பீரோச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"நாளைக்குக் கல்லு கேசு இருக்குதுங்க. சாட்சிக்கு மறுபடி ஞாபகப்படுத்தோணும். வர்றனுங்க."

வருகிறேன் என்றுதான் சொன்னார். வருவதாக அர்த்தமில்லை.

குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார். அல்லது வேண்டுமென்றே விட்டுப் போனாரா? திரும்ப வர ஒரு சாக்கு?

சே. என்ன புத்தி இது.

ஆவணி 27, புதன்

எல்லைக்கல் வழக்கு நேற்றுத் தோற்றது. சாட்சி வரவில்லை. எந்தச் சாட்சி, எந்த ஊர் என்பதெல்லாம் காதரின் தலைக்குள் இருந்தது. என் தலைக்குள் சி.சா. மட்டும்தான்.

பீரோச் சாவி எனக்குத் திறக்கவில்லை. லேசாகத் தூக்கித் திருப்ப வேண்டுமாம். தெய்வானை திறந்தாள்.

"காதர் அண்ணன் ஏனுங்க வரல?"

"உடம்பு சரியில்லை."

"அவரு மக இன்னைக்குக் கடைக்கு வந்திருந்தா. ஒன்னும் சொல்லலையே."

நாவிதர் வந்தார். அனுப்பிவிட்டேன். மூன்று நாள் தாடி.

நாளை மறுநாள் மீண்டும் பந்தலூர், கடைசித் தடவை. அங்கேதான் ஓட்டு அதிகம். நாளைக்கே மணியன் கிளம்புகிறான். இந்தத் தடவை காதர் கிடையாது. ஆகவே சி.சா.வுக்குத் தெரிய வழியில்லை. தெரியாவிட்டால் நான் செய்தது சரி. சரியாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால்?

ஆவணி 28, வியாழன்

இதை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இங்கே.

காலையில் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பஜாருக்குப் போனேன். மழைக்காலத்தில் கூடலூரில் பாதிப்பேர் இந்த வேஷம்தான். தாடியும் உதவியது. பள்ளிவாசல் சந்துக்கு எதிரே குஞ்ஞாலியின் தேநீர்க் கடை. ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். காதர் வீட்டுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்கத்தான். ஆமாம். ஜில்லா போர்டுக்கு நிற்கிற வக்கீல், குமாஸ்தா வீட்டு வாசலை வேவு பார்த்தேன்.

குஞ்ஞாலி சாயா வேண்டுமா என்றான். கையை ஆட்டி வேண்டாம் என்றேன். பேசினால் குரல் தெரிந்துவிடும்.

காதர் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. கடைக்குள் வந்து உட்கார்ந்தது சி.சா.!

கம்பளியை இன்னும் இழுத்துவிட்டேன். அவன் யாரையும் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. நிம்மதியாக வடை தின்றான். அப்போது சாலையில் கடகடவென்று சத்தம். என் மாட்டு வண்டி. முன்னால் மணியன். பின்னால் பளபளக்கிற அண்டா, தவலை, குடம், கரண்டிகள். ஒரு கல்யாணமே போகிற மாதிரி.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"வக்கீலு நாளைக்கு எவிடே?" என்றான் குஞ்ஞாலி.

"அம்மிக்கல்லு ஏறியிருக்குது பாரு" என்றான் சி.சா. "அம்மியும் வெறகும் கட்டிலும் ஏறினா பந்தலூரு. வெறும் சோத்துப் போசியின்னா நாடுகாணி. போசியும் ஊறுகாச் சாடியும்னா ஓவேலி."

"சாடி கண்டில்லா."

"அப்ப பந்தலூருதான். என்ர குதிரைக்குச் சேணம் கட்டச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். புதிதாகச் சிரித்த சிரிப்பு அல்ல. பல நாள் பழகின சிரிப்பு.

சி.சா. வாயைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான்:

"நான் ஒன்னுமே பெருசாச் சொல்றதில்லப்பா. நாளைக்கு வக்கீலு வருவாரு, போசியோட வருவாரு, உங்க ஊட்டுப் பச்சத்தண்ணியத் தொடமாட்டாரு, ஓட்ட மட்டும் தொடுவாரு, தோலோட இருந்தாத் தீட்டில்லையாம், உரிக்காத பழம் வெச்சிருங்கன்னு சொல்லுவன். அவ்வளவுதான். அதுக்கு அந்தக் காதரு மண்டிக்கே வந்து எங்கூடச் சண்ட. 'எம் மக காய்ச்சல்ல கெடந்தப்பக் கொட்டற மழையில குதிர ஏறிப் போயி டாக்டரக் கூட்டியாந்தவரு. பழகிப் பார்த்தாத்தானுங்க தெரியும், அவரப் பத்தி'ன்னு. பாவம், அவனையே தொரத்திப்போட்டாரு."

"எந்தினா?" என்று காரணம் கேட்டான் குஞ்ஞாலி.

"ஆருக்குத் தெரியும்? பெரிய மனுசங்க."

வண்டி வளைவு திரும்பி மறைந்தது. அண்டாச் சத்தம் அப்புறமும் கேட்டது. ஊர் ஊராக எனக்கு முன்னால் தண்டோரா போட்டுக்கொண்டு போனது என் வீட்டு அண்டாதான். அதற்குப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கச் சொன்னதும் நான்தான்.

ஆவணி 30, சனி

பந்தலூருக்கு நேற்றுப் போனேன், வந்தேன். பழம். எழுத வேறில்லை.

ஆவணி 31, ஞாயிறு

வெயில். பஜாரெல்லாம் கம்பளி காய்கிறது. நாளைக்கு ஓட்டு.

காதரின் குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் வாசல்வரை போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. இன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

சாப்பாட்டு நேரம். பாய் விரித்து, சோறு, பருப்பு, கத்தரிக்காய். அவர் மனைவி என்னைக் கண்டதும் உள்ளே ஓடினார். காதர் எழுந்து நின்றார். கையில் சோற்றுப் பருக்கை.

"தப்பு செய்துவிட்டேன், காதர்."

"உடுங்க ஐயா."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சாமான் வண்டி வேண்டாமுன்னு ரெண்டு வாட்டி சொன்னனுங்க. உங்க தாயார் கிட்டப் பண்ணுன சத்தியம். அதுக்கு மேல எப்படிங்க சொல்றது? ஊரு சிரிக்குதுன்னு உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்லோணுமுங்களா?"

மகள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் தாம்பாளம். அதில் வாழைப்பழம், உரிக்காதது. இவர்கள் சிரிக்கவில்லை. என்றைக்குமே சிரித்ததில்லை. நான் கை நீட்டவில்லை.

"பழம் வேண்டாம். எனக்கும் ஓர் இலை போடச் சொல்லுங்கள். பசிக்கிறது."

அம்மாவை நினைத்தேன். அம்மா போய் ஐந்து வருஷமாகிறது. கோபித்தால் கோபிக்கட்டும் என்று பாயில் உட்கார்ந்தேவிட்டேன்.

காதர் உட்காரவில்லை. உள்ளே பார்த்தார். அப்புறம் மெதுவாக:

"வேண்டாமுங்க ஐயா."

"ஏன்?"

"நாளைக்கு ஓட்டுங்க. இன்னைக்கு நீங்க எங்க ஊட்டுல உண்டா, பொழுது சாயறதுக்குள்ள பஜாரே பேசுமுங்க. அதுகூடப் பரவால்லீங்க." கையில் ஒட்டிய பருக்கையைத் துடைத்தார். "எதுக்கு உண்டீங்கன்னு எனக்கே சந்தேகம் வந்துருமுங்க. சந்தேகப்பட்டா எப்படியிருக்குமுன்னு இந்த ஒரு வாரத்துல பார்த்துட்டனுங்க. எனக்கு வேண்டாமுங்க அது."

பாயிலிருந்து எழுந்தேன்.

"ஓட்டு உங்களுக்குத்தானுங்க" என்றார். "பந்தலூருக்கு ஆஸ்பத்திரி வேணுமுங்க. சோறு பொறவு. செயிச்சாலும் வாங்க, தோத்தாலும் வாங்க. எல்லாம் முடிஞ்சு ஒரு நாளு வாங்க. அப்பப் போடறனுங்க."

குடையை வாங்கிக்கொண்டார். பழத்தை என் கையில் வைத்தார்.

தெருவில் வரும்போது அழுதேன். வெயில் நாளாகப் பார்த்துக் கம்பளியும் இல்லை, முகத்தை மூட.

புரட்டாசி 1, திங்கள்

விடியும்போதே பனி விலகிவிட்டது. ஓட்டுச்சாவடிக்கு இப்போது கிளம்ப வேண்டும். கோட் காய்ந்துவிட்டது.

வாசலில் அண்டாச் சத்தம். மணியன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். இறக்கு என்றேன். எல்லாவற்றையும்.

"அப்ப மத்தியானம் எங்கீங்க உண்பீங்க?"

எங்கே உண்பது? இன்றைக்கு எவர் வீட்டில் கை நனைத்தாலும் ஓட்டுக்காக என்றுதான் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்வார்கள்.

ஒன்றும் வேண்டாம் என்றேன்.